ஜீப் கேட்ட தம்பிக்கு நான் வாங்கிக் கொடுத்த கார்

1

போன மாதம் என் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா இறந்து பதினாறு வருஷமாகிறது. எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நிரப்பிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை எழுதி வைத்தேன். அன்றிலிருந்து வங்கியும் வைத்தியசாலையும் நகரசபையும் என்னைத் 'திருமதி கருப்பையா' ஆக்கிவிட்டன. இருபத்து மூன்று வருஷமாக என் அப்பாவுக்குச் சேலை கட்டித்தான் கடிதம் போடுகிறார்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான். கருப்பையாவின் கார் டீசல் கார், வயதும் போய்விட்டது, அது விடும் புகை ஊர்க் காற்றைக் கெடுக்கிறது. வரும் சித்திரையிலிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்குள் அதைக் கொண்டுவந்தால் கொண்டுவரும் ஒவ்வொரு நாளும் கட்டணம். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மலைக்கு மலை நடந்து வேலை செய்து, கடைசிவரை ஒரு காரின் முன் சீட்டில் உட்காராமலே போன மனுஷனுக்கு இப்படியொரு பழி.

நான் இருப்பது லண்டனுக்கு வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு நகரம். பெயரைச் சொன்னாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, சாப்பாட்டைச் சூடாக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது என் தொழில். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. கார் இல்லாவிட்டால் நான்கு வீட்டைக்கூடத் தாண்ட மாட்டேன். என் வீட்டுக்காரர் மஸ்கெலியாக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். கடிதத்தைக் காட்டியபோது, "எம் பஸ்ஸுல ஏறிக்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

2

எந்தக் கார் வாங்குவது என்று பார்க்க என் மகள் அபிராமியும் நானும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்தோம். அவளுக்கு வயது பத்தொன்பது. பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று பேசுவது பழகிவிட்டது. அன்றைக்குக் கார் விஷயம் என்பதால் உற்சாகமாக இருந்தாள். சுற்றுச்சூழல் என்றால் அவளுக்குச் சாமி மாதிரி.

மின்சாரக் கார்தான் வேண்டும் என்றாள். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கீழே தெருவில்தான் காரை நிறுத்துகிறோம். ஜன்னலில் இருந்து வயரைத் தொங்கவிட்டா சார்ஜ் ஏற்றுவது என்று கேட்டேன். சின்ன பெற்றோல் கார் என்றால் வாங்குவது லேசு, ஆனால் ஒன்பது வீட்டுக்கும் நின்று நின்று போகும் ஓட்டத்தில் எண்ணெயைக் குடித்துவிடும். பெற்றோலோடு பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார்தான் எனக்குப் பொருந்தும் என்று கடைசியில் அவளே ஒத்துக்கொண்டாள். சிவப்பு விளக்கில் என்ஜின் அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகும். நகரத்துக்குள் நிற்பதும் நகர்வதுமாக ஓடுகிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. குட்டிக் காராக இருந்தால் எந்தச் சந்திலும் நிறுத்தலாம்.

நான் கோடு போட்ட தாளை எடுத்து, பெயர், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு புகை என்று கட்டம் கட்டி எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் கை நின்றுவிட்டது. இதே மேசையில், இதே போல ஒரு தாளில் நான் முன்பும் ஒரு முறை கட்டம் கட்டியிருக்கிறேன். அது என் காருக்காக இல்லை. நான் இப்போது எழுத உட்கார்ந்தது அதைப் பற்றித்தான். ஊரில் இருக்கிறவர்கள் படித்து என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

3

என் தம்பி லோகநாதன் தோட்டத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் லயம், அதுதான் தொழிலாளர்களின் வரிசை வீடு, இருப்பது மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில். கீழே கடைவீதியிலிருந்து மூன்று மைல் ஏற்றம். வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்த பாதை. மழை பாதிக் கல்லை அடித்துக்கொண்டு போய்விட்டது. மீதிக் கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இரண்டு இடத்தில் ஓடைத் தண்ணீர் பாதையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நடந்த பாதை. என் வலது முழங்காலில் இருக்கும் தழும்பு அந்தக் கல்லில் விழுந்ததுதான்.

பெற்றோலுக்கு நாடே நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட சமயம் லோகு ஒரு நாள் எனக்குப் போன் எடுத்தான். ஆட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற முடியவில்லை, மழை நாளில் ஏற்றத்தில் வழுக்குகிறது, சுகமில்லாதவர்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோக வழியில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"அக்கா, நம்ம தோட்டத்து ஜீப்பு ஏலத்துக்கு வருதுங்க்கா. எடுத்தா மேக்கணக்குக்கு ஆள ஏத்தி ஹயர் ஓட்டலாம்."

"லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர் ஓடும்?"

"டீசல்தாங்க்கா. ஒரு ஏழு, எட்டு ஓடும்."

"ஒனக்குப் பைத்தியமா?" என்றேன்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான்தான் பேசினேன். எண்ணெய்க்கு நாடே நாக்குத் தள்ளிய பிறகும் எட்டுக் கிலோமீட்டர் ஓடும் வண்டி வாங்குகிறவன் உண்டா என்று கேட்டேன். அபி அப்போது பள்ளிக்கூடத்தில் டீசல் புகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் படித்துக் காட்டியதையெல்லாம் அப்படியே தம்பியிடம் ஒப்பித்தேன். அந்தப் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது, உன் மகளை நினைத்துப் பார் என்றேன். ஜப்பானிலிருந்து வந்த சின்ன ஹைபிரிட் கார்கள் கொழும்பில் கிடைக்கின்றன, லிட்டருக்கு இருபதுக்கு மேல் ஓடும், புகை கிடையாது, நான் பார்த்து எடுத்துத் தருகிறேன் என்றேன். என் குரலில் அன்றைக்கு இருந்த கெட்டிக்காரத்தனத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவன் ஒரே ஒரு தடவை, "ரோட்டு கொஞ்சம் மோசங்க்கா" என்றான்.

"மெதுவா ஓட்டு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரிங்க்கா, நீங்க சொன்னா சரிதான்" என்றான். எங்கள் பக்கத்தில் அக்கா சொன்னதைத் தம்பி மறுக்க மாட்டான். அதுவும் வெளிநாட்டில் இருக்கும் அக்கா, வண்டியும் அவள் கொடுப்பது. மறுக்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் அந்த லயத்தில்தானே வளர்ந்தேன், அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4

அடுத்த நாளே தாளை எடுத்துக் கட்டம் போட்டேன். பதினோரு கார்களை ஒப்பிட்டு, கொழும்பில் ஒரு விற்பனைக்காரரோடு இரவும் பகலும் வாட்ஸ்அப்பில் பேசி, வெள்ளை நிறத்தில் ஒரு குட்டிக் காரைத் தேர்ந்தெடுத்தேன். தரைக்கும் காரின் அடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. இங்கே அது தேவைப்படாத விஷயம். இங்கே ரோட்டில் ஒரு குழி விழுந்தால் பத்திரிகையில் போடுவார்கள்.

லோகு கொழும்புக்குப் போய் எடுத்து வந்தான். கோயில் முன்னால் நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டுப் படம் எடுத்து அனுப்பினான். அதை வேலைத்தளத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை. இந்தக் காரைக் கொண்டு தம்பி பெற்றோல் செட்டுக்கு அடிக்கடி போக வேண்டியதில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். நம் ஊரில் எண்ணெய் அடிக்கும் இடத்துக்குச் செட் என்றுதானே பெயர். இவர்களுக்குச் செட் என்றால் வீட்டுத் தோட்டத்து மூலையில் மண்வெட்டி வைக்கும் கொட்டகை. உன் தம்பி வீட்டுக் கொட்டகையில் பெற்றோல் வைத்திருக்கிறானா, ஆபத்தில்லையா என்று மேற்பார்வையாளர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று நம்பினேன். ஹயர் எப்படி என்று கேட்டால் நல்லாப் போகுது என்பான். எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கேட்டால் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்பான். பொய்யே சொல்லவில்லை. அவன் அனுப்பிய படங்களில் எல்லாம் கார் நல்ல தார் ரோட்டில் நின்றது. பின்னால் ஒரு தேயிலைக் கொழுந்துச் செடிகூட இல்லை. அதையும் நான் கவனிக்கவில்லை. கார் பளபளவென்று இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

5

போன ஆடியில் அபியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். லோகு விமான நிலையத்துக்கு அந்தக் காரில் வந்திருந்தான். கொழும்பு நெரிசலுக்குள் அவன் ஓட்டிய அழகைப் பார்த்து அசந்துபோனேன். எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினால் லேசு என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்போதடா இதெல்லாம் படித்தாய் என்று கேட்டேன். பழக்கந்தாங்க்கா என்றான். ஹட்டனைத் தாண்டி, தலவாக்கலையைத் தாண்டி, மாலையில் எங்கள் கடைவீதிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு கடையின் பக்கத்தில் காரை நிறுத்தினான். இதுக்கு மேல வேற வண்டிதாங்க்கா என்று சொல்லிவிட்டுப் பெட்டிகளை இறக்கினான்.

வேற வண்டி ஒரு பச்சை ஜீப். வெளிநாட்டவர்களுக்கு மலை காட்டும் சவாரி ஓடுவது. கம்பிகளில் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்து, பின்னால் மெத்தை போட்டிருந்தார்கள். அபிக்கு ஒரே சந்தோஷம். நின்றுகொண்டே படம் எடுத்தாள். அது கல்லின் மேல் ஏறி, ஓடைக்குள் இறங்கி, ஒரு முனகலும் இல்லாமல் எங்களை லயத்து வாசலில் கொண்டுபோய் விட்டது. கார் ஏதோ பழுது போலிருக்கிறது, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் காலையில் லோகுவின் மனைவி புஷ்பராணி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெளியில் லோகு முகம் கழுவினான். அவர்களுடைய மகள் ஹர்ஷினிக்குப் பத்து வயது. அவள் துண்டை நீட்டியபடி அவனிடம் கேட்டாள்: "நாளைக்குப் போறீங்களாப்பா, நாளன்னைக்கா?"

எங்கே போகிறான் என்று புஷ்பாவைப் பார்த்தேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாதா அண்ணி? அவரு கொழும்புலதான இருக்காரு" என்றாள். பிறகு நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கார் இந்த ஏற்றத்தில் ஏறியது இரண்டே தடவை. முதல் தடவை நான்கு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் தடவை ஓடையில் அடி தட்டி, என்ஜின் எண்ணெய் முழுவதும் பாதையில் ஊற்றிவிட்டது. ஆட்டோவையும் அதற்கு முன்பே விற்றாயிற்று. ஆறு மாதம் கடைவீதியில் வைத்து ஓட்டிப் பார்த்தான். டவுன் என்றால் எவ்வளவு பெரிய டவுன்? கடைசியில் கொழும்பில் ஹயர் ஓடுகிற ஒருவர், இது கொழும்புக்கென்றே செய்த வண்டி என்று சொல்லிக் கூட்டிப் போனார். அங்கே நான்கு பேரோடு ஒரு அறை. மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நிற்பான்.

"ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"ஆசையா வாங்கிக் குடுத்தீங்க, அக்கா மனசு சங்கடப்படும்னு சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அவள் அடுப்பைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னாள். "நேத்து வந்தீங்களே, அந்த ஜீப்பு. அதத்தான் அண்ணி அவரு கேட்டாரு. நம்ம தொரையோட ஜீப்பு."

தோட்டத்தில் ஒரே ஒரு ஜீப்தான் இருந்தது, தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப். தம்பி போனில் 'நம்ம தோட்டத்து ஜீப்பு' என்று சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த ஜீப்பின் சத்தம் வளைவில் கேட்டால் நாங்கள் எல்லோரும் பாதையை விட்டு ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்போம். கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கிவிட வேண்டும். அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஜீப் போன பிறகு, எங்கள் மேல் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடப்போம். எங்களைக் கானுக்குள் இறக்கிய அதே ஜீப்பில் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் ஓட்ட வேண்டும் என்று என் தம்பிக்கு ஓர் ஆசை இருந்திருக்கிறது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பான். வேறு யாராவது அந்த இடத்தில் இருந்து லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டிருந்தால் மன்னிக்கலாம். கானுக்குள் அவனுக்குப் பக்கத்தில் நின்ற நான் கேட்டேன். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை புகையால் வந்தது என்று அபியிடம் சொன்னேன்.

6

ஊரிலிருந்து திரும்பி இத்தனை மாதமும் இதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடிதம் வந்ததும், என் காரோடு சேர்த்து அவன் கதையையும் ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன்.

போன சனிக்கிழமை அபியும் நானும் பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனோம். விற்பனைக்காரர் என் வயதுக்காரர். நான் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. தினமும் எந்தப் பாதையில் ஓட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். நான் சொன்னேன். எத்தனை வீடு, எத்தனை சந்தி, எங்கே ஏற்றம், எங்கே நிறுத்துவேன் என்று அவர் விடாமல் கேட்டார். பிறகு ஒரு நீல நிற ஹைபிரிட் காரிடம் கூட்டிப் போனார். ஓட்டிப் பார்த்தேன். எனக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

முன்பின் தெரியாத மனிதர். என் பாதையைக் கேட்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் சொந்தத் தம்பியிடம் நான் அதைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அபி கையெழுத்து வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெளியில் வந்து லோகுவுக்குப் போன் போட்டேன். கொழும்பில் மாலை நேரம். வீதி ஓரத்தில் ஹயருக்குக் காத்திருந்தான். என் புதுக் காரைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். நல்ல வண்டிங்க்கா, டவுன் ஓட்டத்துக்கு அதுதான் சரி, மழை நேரம் பேட்டரிப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விஷயம் தெரிந்தவனாகச் சொன்னான்.

மனதுக்குள் பல நாள் சொல்லிப் பார்த்ததை அப்போதுதான் சொன்னேன். காரை விற்றுவிடு, எங்காவது ஒரு நல்ல ஜீப் தேடு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளையோடு போய் இரு. இந்தத் தடவை எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"வேணாங்க்கா" என்றான். என்னிடம் அவன் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏன்டா?"

"மேக்கணக்குல இப்ப ரெண்டு ஆட்டோ ஓடுது. நான் போனா அவங்க பொழப்புலதான் கைய வைக்கணும். அதுவும் இல்லக்கா. வீட்டுக்குப் போனா ரெண்டு நாளுதான் நல்லா இருக்கு. மூணாவது நாளு, எங்க ஒக்காருறது, என்ன பேசுறதுனு தெரியல. புள்ளயும் என்னய விருந்தாளியப் பாக்குற மாதிரிதான் பாக்குது. கொழும்பு பழகிருச்சு. ஒங்களுக்கும் அப்பிடித்தானே இருக்கும்?"

இல்லைடா என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரில் நின்ற மூன்று வாரத்தில் எத்தனை நாள் திரும்பிப் போகும் தேதியை எண்ணினேன் என்பது எனக்குத் தெரியும்.

அவன் பக்கம் போனில் ஏதோ மணி அடித்தது. "ஹயர் வந்திருச்சுங்க்கா, வைக்கிறேன்" என்றான். இத்தனை வருஷமும் வேலைக்கு நேரமாச்சு என்று முதலில் போனை வைக்கிறவள் நான்தான். நான் வைக்கும்வரை அவன் காத்திருப்பான். அன்றைக்கு அவன் வைத்துவிட்டான்.

அபி சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள், அதிசயமாகத் தமிழில்.

நல்ல கார் என்று சொன்னார் என்றேன்.